கிராதியடியில் ஒரு கெண்டித் தண்ணீர்

செந்தூல் கத்தோலிக்கர்களில் பாதிப் பேருடைய நாக்கை நான் பார்த்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, என் வேலை அப்படி. வாரத்தில் ஆறு நாள் ரயில்வே சரக்குக் கொட்டகையில் சீட்டு எழுதும் இந்த மாரிஸ், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோயில்பிள்ளை. பூசையில் நன்மை என்கிற மந்திரித்த அப்பத்தைக் கொடுக்கிற நேரத்தில் சாமியார் பீடத்தை விட்டு இறங்குவார். சனங்கள் பீடத்துக்கு முன்னால் உள்ள தடுப்புக் கிராதியடியில் வரிசையாக முழங்கால் போட்டு வாயைத் திறப்பார்கள். அப்பத்தின் துணுக்குகூடத் தரையில் விழக் கூடாதென்று ஒவ்வொரு தாடைக்கும் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு நகர்வது நான். வெற்றிலைக் கறை ஏறின நாக்கு, சுருட்டில் கறுத்த நாக்கு, காலையில்தான் மாமியாரை நாலு கேள்வி கேட்டுவிட்டு இப்போது பூனைபோல் நீள்கிற நாக்கு, எல்லாம் எனக்குத் தெரியும்.

இந்தக் கதை, நான் ஏழு வருஷம் பார்க்காத ஒரு நாக்கைப் பற்றியது. இதில் எனக்கும் பங்கு உண்டு. அது நல்ல பங்கு இல்லை.

ஸ்டானிஸ்லாஸ் செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் தச்சர். ரயில் பெட்டிகளுக்குப் பலகை இழைத்துச் சன்னல் சட்டம் மாட்டுகிற பகுதியில் பதினெட்டு வருஷம் இருந்தவர். மனைவி பிலோமினா, ஒரே மகள் கேத்தரின். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவர் புருவமெல்லாம் மரத்தூள் படிந்திருக்கும். அப்போதெல்லாம் அவர் பெரிய வாயாடி. கோயில் பாட்டில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். சுருதி சேராது, ஆனாலும் பாடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அவருடைய வலது மூக்கில் அடைப்பு என்றார்கள். பிறகு ரத்தம் வந்தது. பிறகு வலது கன்னம் வீங்கியது. ரயில்வே டாக்டர் பார்த்துவிட்டு, மூக்குக்குப் பக்கத்து எலும்புக் குழியில் புற்று, சிங்கப்பூரில் ரேடியம் வைத்துப் பார்க்கிறார்கள், உடனே போ என்று பாஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே கன்னத்துக்குள் ஒரு வழி செய்து, ரேடியம் அடைத்த சின்னக் குழாய்களை உள்ளே வைத்து, நாள் கணக்கில் படுக்கவைத்தார்களாம். எடுத்தார்கள், ஆறவிட்டார்கள், மறுபடி வைத்தார்கள். நாலு மாதம் கழித்து ஸ்டானிஸ்லாஸ் ரயிலிலிருந்து இறங்கினார். கன்னம் கறுத்திருந்தது, வீக்கம் இல்லை. புற்று போய்விட்டது. இதை எழுதுகிற இந்த நாள் வரைக்கும் அது திரும்பி வரவில்லை. அந்த டாக்டர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பிழைத்தவர் திரும்பிவந்த முதல் ஞாயிறு கோயிலில் ஒரே சந்தோஷம். நன்மைக்கு வந்து முழங்கால் போட்டார். சாமியார் அப்பத்தை நாக்கில் வைத்தார். அடுத்த ஆளுக்கு நகர்வதற்குள் ஸ்டானிஸ்லாஸுக்கு ஒரு மாதிரி தொண்டை அடைத்தது. இருமினார். கண் பிதுங்கியது. அப்புறம், எல்லோரும் பார்க்க, விரலை வாய்க்குள் விட்டார்.

இப்போது படிக்கிற பிறமதத்து நண்பர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். குருவின் விரலைத் தவிர வேறு விரல் படக் கூடாத பொருள் அது. பாதி அப்பம் அவர் விரலோடு வந்து, என் தட்டையும் தப்பித் தரையில் விழுந்தது. சாமியார் பதறாமல் எடுத்தார். விழுந்த இடத்தின்மேல் வெள்ளைத் துணி போட்டு மூடினோம். பூசை முடிந்தபின் நான் மண்டியிட்டு அந்த இடத்தை மூன்று தடவை கழுவினேன். இது எல்லாவற்றையும் கோயில் நிறைந்த சனம் பார்த்தது.

என் பங்குக்கு வருகிறேன். விரல் வாய்க்குள் போனபோது நான் ஸ்டானிஸ்லாஸை முறைத்தேன். சும்மா முறைக்கவில்லை, நாயை விரட்டுகிற மாதிரி முறைத்தேன். அது போதாதென்று, அன்று மத்தியானம் ஆர்மோனியம் வாசிக்கிறவரிடம், "அவன் வாயில ஒரு வாடை அடிச்சதுங்க" என்றும் சொன்னேன். வாடை அடித்தது உண்மை. அது என்ன வாடை என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. ஆர்மோனியக்காரருக்குப் பெரிய குடும்பம். ஒரு வாரத்தில் அந்த வாடை கள் வாடையாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஸ்டானிஸ்லாஸ் நன்மைக்கு எழுந்திருக்கவில்லை. பூசைக்கு வருவார். கடைசி வரிசையில் நிற்பார். எல்லோரும் கிராதிக்குப் போகும்போது அவர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு இருப்பார். பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாள் காலத்தில் வருஷம் ஒரு தடவையாவது நன்மை வாங்காத கத்தோலிக்கனைச் சனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ பெரிய பாவத்தில் கிடக்கிறான் என்றார்கள். என்ன பாவம் என்று தேடக் கஷ்டப்படவும் இல்லை. ஒரு சோடா போத்தலைக் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு மடக்கு. ஒர்க்‌ஷாப்பில் அவர் பெயரே போத்தல் ஸ்டானிஸ்லாஸ். பேச்சு வேறு குழறிக்கொண்டு வந்தது. கோயிலுக்கு வந்தால் போத்தலை வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே வருவார். குடிகாரனாக இருந்தாலும் மரியாதை தெரிந்த குடிகாரன் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

முப்பத்தெட்டாம் வருஷம், பாஸ்குக்கு முந்தைய தபசு காலம் தொடங்குகிற வாரம், கிள்ளானிலிருந்து ஓர் அம்மாள் என்னைப் பார்க்க வந்தார். ஞானஸ்நானப் பெயர் மதலேனம்மாள், ஆனால் கிள்ளானில் பவுனம்மாள் என்றால்தான் தெரியும். புருஷன் இல்லாமல் பிள்ளைகளை வளர்த்து, மூத்தவளைக் காப்பாரில் கட்டிக்கொடுத்து, மகன் டொமினிக்கைத் துறைமுகக் கிடங்கில் கிளார்க்காக்கியவர். அந்த டொமினிக்குக்குக் கேத்தரினைப் பேசியிருந்தார்கள். பெண்ணும் பையனும் ஒரு திருநாளில் பார்த்துப் பிடித்துப்போன சம்பந்தம் என்பது ஊருக்கே தெரியும்.

"கோயில்புள்ள பொய் சொல்ல மாட்டாருன்னு வந்தேன்" என்று ஆரம்பித்தார் பவுனம்மாள். "பொண்ணு தங்கம். நான் கேக்கறது தகப்பனைப் பத்தி."

"நல்ல வேலைக்காரரும்மா."

"அதைக் கேக்கல. நன்மை வாங்குறாரா?"

"ஏழு வருஷமா இல்லீங்க" என்றேன்.

"போத்தல்?"

நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மாள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

"எம்புருசன் போனது அந்தப் போத்தலாலதான். அந்த வாடையே எங்க வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். இந்தப் பாஸ்குப் பூசைக்கு நான் கிள்ளான்லேருந்து வரேன். அவரு எல்லாரையும் போலக் கிராதியில முட்டிபோட்டு நன்மை வாங்கட்டும். அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம். வாங்கலையா, நான் வேற எடம் பாக்கறேன்லா. போய்ச் சொல்லிடுங்க."

சொன்னேன். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டு, உள்ளே கேத்தரினின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமை விடிந்து கோயிலைத் திறக்கப் போனால், பூசைச் சாமான் அறை வாசலில் ஸ்டானிஸ்லாஸ் நிற்கிறார். தோளில் போத்தல் இல்லை.

"மாரிஸண்ணே, ஒரு ஒதவி. அப்பச் சீவல் இருக்குமா?"

கன்னியர் மடத்திலிருந்து அப்பம் தகடு தகடாக வரும். வட்டமாக வெட்டுவது நான். மிஞ்சுகிற ஓரங்களைச் சீவல் என்போம். மந்திரிக்காத வெறும் மாவு, கோயில் பிள்ளைகள் கேட்டால் கொடுப்பது வழக்கம். அதை இந்த ஆளுக்கு எதற்கு?

"முழுங்கிப் பழகணும்" என்றார்.

அறைக்குள் உட்கார்த்தினேன். அன்றைக்குத்தான் அவர் வாயை, அது திறக்கிற அளவுக்குத் திறந்து, எனக்குக் காட்டினார். என் சுண்டுவிரல் நுழையும். அதற்குமேல் போகாது. உள்ளே நாக்கு காய்ந்த தோல்போல் வெடித்திருந்தது. பல் நாலோ ஐந்தோ. ஏழு வருஷத்துக்கு முந்தைய அதே வாடை அடித்தது. சீழும் காய்ந்த பொருக்கும் சேர்ந்த வாடை அது. கள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முழங்காலில் விழாத குறையாக நான் வெட்கப்பட்டேன்.

"மொத வருஷம் ஒண்ணுமில்லண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். "வாசனைதான் தெரியல. மரத்தூள், மல்லி, பீ எல்லாம் ஒண்ணுதான். எச்சிலும் ஊறல. சரி, வந்துடும்னு இருந்தேன். வரல. ரெண்டாம் வருஷம் பல்லு ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிச்சுது. மூணாம் வருஷம் தாடை இறுகுது. வலது காது மந்தம். போன வருஷத்துலேருந்து வலது கண்ணுல புகை. மூக்குல தெனமும் பொருக்குக் கட்டும், ரெண்டு வேளை உப்புத்தண்ணி விட்டுக் கழுவணும், சாகற வரைக்கும். ரேடியத்தை எடுத்துட்டாங்க. ஆனா அது இன்னும் வேலை செய்யுது."

"இதை ஏன்யா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. போர்மன்கிட்ட சொன்னேன். ஆறு வருஷம் முன்னாடி எடுத்த வைத்தியத்துக்கு இப்ப வாய் வறளுதான்னு சிரிச்சான். பொழைச்சவன் நோவுன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். ஒனக்குத்தான் நல்லாயிடுச்சேம்பான்."

போத்தலில் தண்ணீர். ஏழு வருஷமும் வெறும் தண்ணீர்.

நன்மை வாங்காததன் காரணமும் அதுதான். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் காலையில் நன்மை வாங்கக் கூடாது என்பது திருச்சபைக் கட்டளை. சாதாரண ஆளுக்கு அது தூக்கத்தில் கழிகிற நேரம். இவருக்கோ ஒரு மணிக்கு ஒரு தடவை தொண்டை ஒட்டிக்கொள்ளும். காலையில் மூக்கைக் கழுவினால் உப்புத்தண்ணீர் பின்பக்கமாகத் தொண்டைக்கு இறங்கும். அதோடு நோன்பு முறிந்துவிட்டது என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். கழுவாமல் வந்தால் மூச்சு விட முடியாது. இத்தனையையும் தாண்டிக் கிராதிக்குப் போனால், அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி விரல், மறுபடி தரை. அந்த முதல் ஞாயிறு, ஆண்டவரைத் தரையில் போட்டவன் என்று தன்னைத்தானே தீர்ப்பிட்டுக்கொண்டார். ஒழுங்காக வாங்க முடிகிற வரைக்கும் வாங்குவதில்லை என்று இருந்துவிட்டார். வீம்புதான். ஆனால் அவரை வீம்புக்காரன் என்று திட்டுகிற வாய் எனக்கு இல்லை.

"சாமியார்கிட்ட சொல்லி, சாகக் கெடக்கற அவஸ்தைக்காரங்களுக்குக் குடுக்கற மாதிரி வீட்டுலயே வாங்கிக்கலாமே" என்றேன்.

"நான் நோயாளி இல்லண்ணே. அந்தம்மாகிட்ட எனக்காகப் பேசவும் வேணாம். எல்லாரையும் போலக் கிராதியிலதான். எம்பொண்ணு வாழ்க்கை அது. நாப்பது நாளு இருக்குல்ல?"

சட்டைப் பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தார். பம்பரத்தை இழுத்து நீட்டிவிட்டது போல, நுனி மெலிந்து அடி பருத்திருந்தது. சுற்றிலும் அரிசிக் கனத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பென்சில் கோடு. ஒர்க்‌ஷாப்பில் கடைசல் இயந்திரத்தில் நிற்கிற நாகையா செய்து கொடுத்ததாம். நாகையா முருக பக்தர். எதற்கு என்று கேட்டாராம். நன்மை வாங்கவேண்டும் என்று ஸ்டானிஸ்லாஸ் சொன்னாராம். அது என்னவென்று நாகையாவுக்குத் தெரியாது. "நல்லதுதானே, குடு கட்டையை" என்று, துளி சிலும்பு இல்லாமல் இழைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டாரைத் தவிர, அந்தப் போத்தலில் இருந்தது தண்ணீர் என்று செந்தூலில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்து இயந்திரத்தில் நின்றுகொண்டு நாள் முழுக்கப் பார்த்தவர்.

கட்டையின் நுனியைப் பற்களுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் தள்ள வேண்டும். அன்றைக்கு மூன்றாம் கோடு வரைக்கும் போயிற்று. சாமியாரின் இரண்டு விரலும் அப்பமும் தடையில்லாமல் உள்ளே போக ஒன்பதாம் கோடு வேண்டும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

அந்த ஆறு வாரம் அந்த மனுஷன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் கட்டை. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுமுன் கட்டை. மத்தியானம் எல்லோரும் சோறு தின்கிற நேரத்தில், பலகை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டை. சோறுதான் அவருக்கு வேண்டாமே, ரசத்தில் கரைத்த கஞ்சிதான். சாயங்காலம் பிலோமினா வெந்நீர்த் துணியால் தாடைக்கு ஒத்தடம் கொடுக்க, மறுபடி கட்டை. ஈறில் ரத்தம் வந்தால் துடைத்துக்கொண்டு அதே கோட்டில் மறுபடி. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். வலியா, அல்லது அந்தப் புகைக் கண்ணிலிருந்து எப்போதும் வடிகிற நீரா என்று கேட்டால், "ரெண்டும்தான்" என்பார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலை, நடுச்சாமத்திலிருந்து தண்ணீர் படாத வாயோடு என் அறைக்கு வருவார். நான் சாமியார்போல் நின்று சீவலை நாக்கில் வைப்பேன். முதல் வாரம் அது உள்ளேயே போகவில்லை. இரண்டாம் வாரம் போய் ஒட்டிக்கொண்டது. அவர் விரலை வாய்க்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மூச்சுத் திணறியது. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். "வேணாம்" என்று தலையை ஆட்டினார். அந்த ஒரு சீவல் இறங்க, நான் நூறு அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்திருப்பேன்.

மூன்றாம் வாரம் வரும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு.

"எடது பக்கம் கொஞ்சம் உசிர் இருக்குண்ணே. நாக்குக்கு அடியில. நார்த்தங்காய் ஊறுகாயை நெனைச்சேன்னா ஒரு துளி ஊறுது."

"பூசையில நார்த்தங்காயை நெனைப்பியா?"

"ஆண்டவர் மன்னிப்பாரு. அவருதானே அதைப் படைச்சாரு."

சீவலை இடது பக்கமாக வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நார்த்தங்காயைத் தியானித்தார். இருபது மந்திரத்தில் இறங்கிவிட்டது. அன்றைக்குக் கட்டை ஆறாம் கோட்டில் நின்றது. நாங்கள் இரண்டு கிழட்டுப் பயல்களும் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

ஆனால் மூக்குக் கழுவுகிற விஷயம் தீரவில்லை. அவரை இழுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். எங்கள் சாமியார் பிரெஞ்சுக்காரர், தமிழைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் என் முகத்தைவிடச் சிவந்தது.

"ஸ்டானிஸ்லாஸ், மூக்கின் வழியாகக் குடிக்கிற மனிதன் ஒருவனை நீ கண்டதுண்டா?"

"இல்ல சாமி."

"நானும் கண்டதில்லை. ஆகையால் கழுவு. தொண்டைக்கு வந்ததைத் துப்பு. உன்னை அறியாமல் இறங்கினால் அது குடித்ததாகாது. இன்னொன்று. தண்ணீர் கூடாது என்கிற கட்டளை நன்மைக்கு முன்பு. பின்பு அல்ல. வாங்கினவர் விழுங்கத் தண்ணீர் கொடுப்பது பூசைப் புத்தகத்திலேயே இருக்கிறது."

நான் இருபது வருஷம் கோயில்பிள்ளை, அந்தப் புத்தகத்தை ஆயிரம் தடவை தூக்கியிருக்கிறேன். லத்தீன். நன்மை வாங்கிக் கால் மணி நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது எங்கள் சனமே கட்டிக்கொண்ட வழக்கம். அதைக் கட்டளை என்று நம்பி இந்த மனுஷன் ஏழு வருஷம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாங்களும் நிற்கவிட்டோம்.

"வேண்டுமானால் ஆயராகிய மேற்றிராணியாருக்கு எழுதி உனக்குத் தனி உத்தரவு கேட்கிறேன்" என்றார் சாமியார்.

"வேணாம் சாமி. முன்னாடி நான் குடிக்க மாட்டேன். பின்னாடியும் முடிஞ்சா குடிக்காம முழுங்கிடறேன்."

"முடியாவிட்டால்?"

ஒன்பது தலைமுறைக்குப் போதுமான வீம்பு ஸ்டானிஸ்லாஸின் பதிலில் இருந்தது.

"முடியலைன்னா கிராதித் துணியில ரெண்டு தட்டு தட்டறேன். மாரிஸண்ணே தண்ணி குடுக்கட்டும். ஆனா தட்ட மாட்டேன்."

பாஸ்குக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை, கடைசி ஒத்திகை. கட்டை ஒன்பதாம் கோட்டைத் தொட்டது. சீவல் பதினைந்து மந்திரத்தில் இறங்கியது. அவர் கட்டையைத் துணியில் சுற்றிப் பையில் வைக்கும்போது, இனியும் பொறுக்க முடியாமல் நான் சொல்லிவிட்டேன்.

"ஸ்டானிஸ்லாஸ், அன்னிக்கு நான் உன்னை மொறைச்சேன். வாடைன்னு வெளியில சொன்னதும் நான்தான்."

"தெரியும். மொறைச்சதைப் பார்த்தேன். அப்ப ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு."

"பின்ன ஏன் என்கிட்ட வந்தே?"

"விழுந்ததைப் பார்த்தவருதானே முழுங்கறதையும் பார்க்கணும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அது எனக்கு அறைந்தது போல் இருந்தது.

பாஸ்குப் பூசை. கோயில் பிதுங்குகிறது. பவுனம்மாள் முதல்நாளே ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலையில் ரிக்‌ஷாவில் வந்திறங்கினார். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில், கிராதி நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு வரிசை தள்ளிப் பிலோமினாவும் கேத்தரினும். கேத்தரின் செபப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தாள். ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

எல்லாம் கணக்காகத்தான் செய்திருந்தோம், ஒன்றைத் தவிர. அன்றைக்குப் பிரசங்கம் வைக்க வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். கல்லறையில் ஆரம்பித்தார். கலிலேயாவுக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. நான் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தேன். உதடு வெளுத்து வெடித்திருந்தது. சாம்பிராணிப் புகை வேறு. ஒத்திகையில் சீவல் ஆறு மணிக்கே இறங்கிவிடும், இப்போது மணி ஒன்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிரசங்கியாரை அங்கி பிடித்து இழுத்து இறக்கலாமா என்று யோசித்தேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

நன்மை நேரம் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் தூணை விட்டார். நடு வழியில் நடந்து வந்தார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. வந்து முழங்கால் போட்டார்.

சாமியார் எதிரே நின்றார். நான் தட்டை அந்தத் தாடைக்குக் கீழே பிடித்தேன். ஸ்டானிஸ்லாஸ் வாயைத் திறந்தார். திறந்தது. ஒன்பதாம் கோடு, அரிசிக் கனம்கூடக் குறையாமல். சாமியார் அப்பத்தை இடது பக்கமாக வைத்தார். வாய் மூடியது. நாங்கள் அடுத்த ஆளிடம் நகர்ந்தோம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நார்த்தங்காயை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் மனதுக்குள் அருள்நிறை மந்திரங்களை எண்ணினேன். பதினைந்து. இருபது. முப்பது. இடமும் வலமுமாகச் சனங்கள் எழுந்து போய்விட்டார்கள், புது வரிசை வந்து முழங்கால் போட்டது. ஸ்டானிஸ்லாஸ் எழுந்திருக்கவில்லை. தொண்டை எலும்பு ஏறுகிறது, பாதியில் நிற்கிறது, இறங்குகிறது. நெற்றி நரம்பு புடைத்தது. இரண்டு கையும் வெள்ளைத் துணிக்குமேல் கிராதியை இறுக்கிப் பிடித்திருந்தன. வலது கை மெல்லப் பிடியை விட்டது. அது வாயை நோக்கி எழுந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தைய ஞாயிறு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. துணியில் தட்டியது. ஒன்று. ரொம்ப நேரம் கழித்து, இன்னொன்று.

அந்த இரண்டாவது தட்டுக்கு அவர் கொடுத்த விலை, கட்டையின் ஒன்பது கோட்டுக்கும் கொடுத்ததைவிட அதிகம். எனக்குத் தெரியும்.

தட்டைச் சாமியார் கையில் கொடுத்துவிட்டு, பீடத்துப் பக்க மேசைக்குப் போனேன். ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்தேன். பார்த்தால், மறுபடி இறுகிவிட்ட அந்த வாய்க்குள் அது நுழையாது. பக்கத்தில் மூக்கு வைத்த சின்னப் பித்தளைக் கெண்டியில் தண்ணீர் இருந்தது. எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்தேன். ஸ்டானிஸ்லாஸ் தலையை அண்ணாந்தார். நம் சனம் எச்சில் படாமல் குடிக்கிற மாதிரியே, நூல் கனத்துக்கு ஊற்றினேன். கொஞ்சம் அவர் சட்டையில் சிந்தியது. தொண்டை எலும்பு ஏறியது. இறங்கியது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து காட்டினார். நாக்கு. வேறு ஒன்றும் இல்லை. வெறும் நாக்கு.

என் வாழ்நாளில் அதைவிட அழகான நாக்கை நான் பார்த்ததில்லை.

பூசை முடிந்ததும் நான் மெழுகுவத்திகளைக்கூட அணைக்காமல் வாசலுக்கு ஓடினேன். படியில், எப்போதும் போல, அந்தச் சோடா போத்தல் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அதை எடுக்கக் குனிவதற்குள் ஒரு வளையல் கை முந்திக்கொண்டது. பவுனம்மாள். போத்தலைத் தூக்கி, அடைப்பைப் பிடுங்கி, மூக்கருகே வைத்து நன்றாக முகர்ந்தார். கிராதியில் கண்ணால் பார்த்தது அந்த அம்மாளுக்குப் போதவில்லை. மறுபடி முகர்ந்தார். கேத்தரின் பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெறும் தண்ணி" என்றார் பவுனம்மாள், யாரிடமோ சண்டை பிடிக்கிற குரலில். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்க்காமல், அந்த அம்மாளையே பார்த்து, "எப்பவுமே தண்ணிதாம்மா. நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம்" என்றேன்.

அவர் ஸ்டானிஸ்லாஸின் கறுத்த கன்னத்தையும், வெடித்த உதட்டையும், நனைந்த சட்டையையும் ஒரு தடவை பார்த்தார். முந்தானையால் போத்தலின் வாயைத் துடைத்தார். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"மொதல்ல குடிங்க, சம்பந்தி" என்றார்.